கரண்ட் போனபோது உலைக்குள் 1380 டிகிரி: ஈஸ்ட் ராண்ட் ஃபவுண்டரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இன்டக்‌ஷன் உலையில் இரும்பு உருக்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு எப்போதும் டன்னுக்கு எத்தனை யூனிட், ஒரு ஹீட்டுக்கு (ஒரு தடவை உருக்கி முடிப்பதற்கு) எத்தனை நிமிடம் என்றுதான் ஓடும். உருக்கி வைத்ததை எவ்வளவு நேரம் தாங்குவீர்கள், நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "ஜெனரேட்டர் இருக்குதுங்களே" என்பதோடு பதில் முடிந்துவிடும். ஜெனரேட்டர் இருந்தும் ஒரு ஃபவுண்டரி (இரும்பு வார்ப்பாலை) மயிரிழையில் தப்பிய சம்பவம் இது. சூட்டை உண்டாக்குவது இன்று பெரிய விஷயமே இல்லை, பணம் கொடுத்தால் மெஷின் வந்து இறங்கிவிடும். அந்தச் சூட்டை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும், முடியாதபோது சரியான நேரத்தில் கைவிடுவதும்தான் தொழில். இதை நம் ஆட்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது 2023 குளிர்காலத்தில். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். இடம் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே ஈஸ்ட் ராண்ட் என்று சொல்கிற தொழிற்சாலைப் பகுதி. நான் கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வேலை கற்று, இப்போது தென்னாப்பிரிக்காவில் உலைகளுக்கு லைனிங் (சூடு தாங்கும் உள்சுவர்) போடும் வேலையில் இருக்கிறேன். சம்பவத்துக்கு மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். உலையின் லாக் புத்தகம், தெர்மோகப்பிள் (உருகிய இரும்பில் முக்கி வெப்பநிலை பார்க்கும் கருவி) அளவுகள், அங்கே நின்றவர்கள் சொன்னது, அப்புறம் நான் உடைத்துப் பார்த்த லைனிங், இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்றார்கள், போடவில்லை. மற்றபடி எழுதச் சொன்னதே முதலாளிதான்.

முதலாளி பெனோனி பக்கம் ஆக்டன்வில்லில் பிறந்தவர். 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு நேட்டால் வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று, பாட்டனார் காலத்தில் இந்தப் பக்கம் குடிபெயர்ந்தது. வீட்டில் தாத்தா, ஆயா, மாமா என்ற அழைப்பெல்லாம் அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் ஆங்கிலம். உலையில் இரும்பு உருக்கும் மெல்ட்டர் எங்கள் ஊர்ப் பையன், சிங்காநல்லூர். ஃபோர்மேன் ஒரு ஸூலு பெரியவர். வயதில் மூத்தவர்களை அவர்கள் வழக்கத்தில் எப்படி அழைப்பார்களோ அப்படியே எல்லோரும் அவரை பாபா என்றுதான் கூப்பிடுகிறோம். வார்ப்பது சுரங்கப் பம்புகளுக்கான கிரே அயர்ன் (ஒரு வகை வார்ப்பிரும்பு) உடல்கள்.

உலை 500 கிலோ, 350 கிலோவாட். இன்டக்‌ஷனில் தீ கிடையாது. உலையைச் சுற்றியிருக்கிற செம்புச் சுருளில், அதாவது காயிலில், ஓடும் மின்சாரம் நொடிக்கு ஆயிரம் தடவை காந்தப்புலத்தைத் திருப்பித் திருப்பிப் போடுகிறது. அந்தப் புலம் இரும்புக்குள் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, இரும்பு தனக்குத்தானே சூடாகிறது. டன்னுக்கு ஏறத்தாழ 600 யூனிட் என்று வைத்தால் 500 கிலோவுக்கு 300 யூனிட், அதாவது ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஹீட். இதில் கவனிக்க வேண்டியது இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை. இந்த உலையில் அது சுமார் 7 சென்டிமீட்டர் சிலிகா லைனிங், அவ்வளவுதான். உள்ளே இரும்பு 1380 டிகிரி. வெளியே இருக்கிற செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும். அந்தச் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அது செம்பாகவே இருக்கிறது. லைனிங் விட்டுப்போய் உருகிய இரும்பு காயிலைத் தொட்டு, செம்பு கிழிந்து தண்ணீர் இரும்போடு கலந்தால் அது நீராவியாகி ஏறக்குறைய 1700 மடங்கு விரியும். ஃபவுண்டரியில் ஆட்களைக் கொல்வது சூடு மட்டும் அல்ல, சூட்டுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீரும்தான்.

அந்த இரவு

அட்டவணைப்படி அந்த ஏரியாவுக்கு லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) இரவு 10 மணிக்கு. 9.40-க்கு உலையைக் காலி செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டு 8 மணி தாண்டி சார்ஜ் (உருக்கவேண்டிய இரும்பு) ஏற்றியிருக்கிறார்கள். மாலையில் தென்னாப்பிரிக்க மின்சார நிறுவனமான எஸ்காம் வெட்டை நிலை 4-லிருந்து 6-க்கு ஏற்றிவிட்டது. அந்த வருடம் இது சாதாரணம். நிலை 6 என்றால் நாடு முழுவதும் 6000 மெகாவாட் வரை வெட்டு. நிலை மாறினால் அட்டவணையும் மாறும், அந்தச் செய்தியை ஷிஃப்டில் யாரும் பார்க்கவில்லை. 9.12-க்குத் தெர்மோகப்பிள் முக்கி எடுத்த அளவு 1380. 9.15-க்குக் கரண்ட் போனது. உலைக்குள் 490 கிலோ திரவ இரும்பு, கசடு எடுத்துக்கொண்டிருந்ததால் மூடி திறந்து கிடந்தது, அச்சுகளில் பாதி இன்னும் மூடப்படவில்லை.

ஜெனரேட்டர் 100 கேவிஏ. அதால் உலையை ஓட்ட முடியாது. பம்பு, கம்ப்ரஸர், விளக்கு, இவ்வளவுதான் அதன் பொறுப்பு. இந்த ஊர்க் குளிரில் இரவு பூஜ்யம் டிகிரி பக்கம் போகும், பேட்டரி பழசு, ஸ்டார்ட்டர் ஒரு சுற்று முனகிவிட்டு நின்றுவிட்டது. ஆக, காயிலுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பும் நின்றது.

அதற்குத்தான் மேலே ஒரு 2500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வைத்திருக்கிறார்கள். பம்பு நின்றால் கையால் ஒரு வால்வைத் திறக்க வேண்டும், தண்ணீர் தானாக இறங்கிக் காயில் வழியாகப் போய்ச் சாக்கடையில் விழும். அந்த வாரம் முனிசிபல் தண்ணீர் அழுத்தம் குறைவு. கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீரேற்று நிலையங்களும் நிற்குமே, அந்தக் காலத்தில் ஜோகன்னஸ்பர்க் சுற்றுவட்டாரமே தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கஷ்டப்பட்டது. டேங்கில் பாதி, அதாவது 1250 லிட்டர்தான் இருந்தது.

9.17-க்கு ஒரு ஹெல்பர் ஓடிப்போய் வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் முழுசாகத் திறந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர் போகிறது. இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது, எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. மெல்ட்டர் தம்பி மூடியை இறக்கிவிட்டு (9.18) உலைக்குப் பின்னால் போய், போன் டார்ச் வெளிச்சத்தில் காயிலின் வெளிவழி ஹோஸைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். ஜில்லென்று இருந்தது. தண்ணீர் வீணாக ஓடுகிறது என்று அவனுக்கு அந்த இடத்தில் பட்டது. டேங்க் பக்கவாட்டில் டார்ச் அடித்து மட்டம் பார்த்துவிட்டு, வால்வைக் கால்வாசிக்குக் குறைத்து, வெளிவழியில் 20 லிட்டர் வாளி வைத்து, போனில் நேரம் பார்த்து, வாளி நிறைய 80 விநாடி ஆகும்படி வால்வை நிறுத்தினான். நிமிடத்துக்கு 15 லிட்டர். ஹோஸ் வெதுவெதுப்பாகி, அப்புறம் சுட ஆரம்பித்து, கை தாங்குகிற அளவில் நின்றது. இது நடந்தது 9.23-க்கு.

நான் மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் லைனிங் வழியாகக் காயிலுக்கு வருகிற வெப்பம் ஏறத்தாழ 20 கிலோவாட். தண்ணீர் 20 டிகிரி சூடேறி வெளியேறட்டும் என்று வைத்தால் தேவை நிமிடத்துக்கு 14 லிட்டர் சொச்சம். அவன் கையாலும் வாளியாலும் கண்டுபிடித்தது 15. பிளஸ் டூ முடித்துவிட்டு மெல்ட்டிங்குக்கு வந்த பையன்.

இன்னொரு பக்கம் வேறு கூத்து. முதலாளி வீட்டிலிருந்து போனில். "ஜெனரேட்டர் இப்ப வந்துடும், மெட்டலை வேஸ்ட் பண்ணாதீங்க" என்கிறார். மெல்ட்டர் திரும்பி வந்து பாபாவிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், எங்கள் ஊர்த் தமிழும் இங்கிலீஷும் கலந்து: "பாபா, ஊத்திரலாமுங்களா, இல்ல வெயிட்டா?" பாபா தெர்மோகப்பிளை இரண்டாவது தடவை முக்கிப் பார்க்கச் சொன்னார். 9.26, அளவு 1325. "கொட்டு. இரும்பு எங்கேயும் போகாது" என்றார். முதலாளியிடம் போனில் அவரே சொன்னார்.

சாய்க்கிற ஹைட்ராலிக்குக்கு மோட்டார் இல்லை, அவசரத்துக்கான கைப்பம்பு இருந்தது. இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். இரும்பை ஏந்தி ஊற்றுகிற லேடில் எல்பிஜி பர்னரில் சூடாக இருந்தது அதிர்ஷ்டம். மூடியிருந்த அச்சுகளில் 190 கிலோ ஊற்றி, மேற்கொண்டு 150 கிலோவைக் காய்ந்த மணல் படுகையில் கொட்டினார்கள். 9.47-க்குள் இரும்பு கூழாகிவிட்டது. உள்ளே சுமார் 150 கிலோ தங்கிவிட்டது. பாபா உலையை நிமிர்த்த விடவில்லை, சாய்ந்த நிலையிலேயே உறையட்டும் என்றார்.

9.56-க்கு, இங்கே பக்கி என்று சொல்கிற பிக்கப் வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். பம்பு ஓடியது. டேங்கில் 400 லிட்டர் போல மிச்சம். வால்வு முழுசாகத் திறந்தபடியே இருந்திருந்தால் 9.38-க்கே டேங்க் காலி. அதற்கப்புறம் 18 நிமிடம், இரும்பு ஊற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், காயிலில் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கும். மெயின் கரண்ட் வந்தது நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு மேல், திரும்பக் கொடுத்தபோது சப்ஸ்டேஷன் டிரிப் ஆனதாம். பம்பை விடிய விடிய ஓட்டினார்கள். அது மிகவும் சரி. இரும்பு உறைந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்தினால், லைனிங்குக்குள் தேங்கிய சூடு மெல்ல வெளியே வந்து நின்ற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஹோஸைப் பிய்த்துவிடும்.

பதினோரு நிமிடம்

இந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது 9.15-க்கும் 9.26-க்கும் நடுவில் போன நேரம். அதில் எவ்வளவு இழந்தோம் என்று பார்ப்போம்.

சூடான பொருள் கதிர்வீச்சாக இழக்கிற வெப்பம் அதன் கெல்வின் வெப்பநிலையின் (டிகிரியோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்கில் ஏறும். 700 டிகிரியில் இருக்கிற பரப்பையும் 1400 டிகிரியில் இருக்கிற பரப்பையும் ஒப்பிட்டால் இழப்பு இரண்டு மடங்கு இல்லை, கிட்டத்தட்ட 9 மடங்கு. அதனால்தான் சமையலறைச் சூட்டில் பழகிய நம் உள்ளுணர்வு உலை முன்னால் வேலை செய்யாது. இந்த உலையின் வாய் 40 சென்டிமீட்டர் விட்டம். மூடி திறந்திருந்தால் அந்த வாய் வழியாக மட்டும் 30 முதல் 40 கிலோவாட் வரை மேலே போகும். சுவர் வழியாக 20. மொத்தம் 55, 60 கிலோவாட். அரை டன் இரும்பு அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 8 டிகிரி போல ஆறும். மூடியை இறக்கிவிட்டால் இழப்பு பாதியளவுக்குக் குறைந்து நிமிடத்துக்கு 4 டிகிரி. அன்று லாக்கில் பதிவானதும் இதுதான்: முதல் மூன்று நிமிடம் மூடி திறந்து, அடுத்த எட்டு நிமிடம் மூடி போட்டு, 1380-லிருந்து 1325.

அச்சில் ஊற்றுவதற்கு 1300-க்குக் கீழே போனால் மெல்லிய சுவர் உள்ள பம்பு உடல் நிரம்பாது. 1150 பக்கம் போனால் உறைய ஆரம்பித்துவிடும். ஆக, மூடி போட்டே வைத்திருந்தாலும் முழு உலைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வெட்டு அட்டவணையிலேயே 2 மணி நேரம், திரும்பி வர அரை மணி கூடுதல். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் காத்திருப்பதில் பலன் இல்லை. ஜெனரேட்டர் முதல் தடவையே கிளம்பியிருந்தாலும் அது இரும்புக்கு ஒரு டிகிரிகூடக் கொடுத்திருக்காது. முதலாளிக்கு இது தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் கண்ணுக்கு இரும்புதான் தெரியும். கொட்டினால் உண்மையில் என்ன நஷ்டம்? இரும்பு அப்படியே இருக்கிறது, நாளைக்கு அதையே சார்ஜில் போடலாம். போனது 300 யூனிட் கரண்டும் ஒரு ஷிஃப்ட் கூலியும். உறைந்தால் போவது லைனிங், சமயத்தில் காயில், இன்னும் மோசமானால் ஆள். என் கருத்து: மின்வெட்டு அரை மணிக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்த நிமிடமே மெல்ட்டருக்குக் கொட்டும் அதிகாரம் இருக்க வேண்டும், யாருக்கும் போன் போடத் தேவையில்லாமல்.

சாய்த்து உறைய விட்டது ஏன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நேராக உறைந்தால் மேலே ஒரு தட்டு போலக் கெட்டியாகி வாயை அடைத்துவிடும். மறுபடி உருக்கும்போது அடியில் உருகுகிற இரும்புக்கு விரிய இடமில்லை, மேல்தட்டு வழிவிடாது, அடியில் வெப்பநிலை கட்டுமீறி ஏறி லைனிங்கைத் தின்னும். பிரிட்ஜிங் என்று நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். சாய்ந்து உறைந்தால் ஒரு பக்கம் விளிம்பு மெலிசாக இருக்கும், உருகும்போது அங்கே முதலில் வழி திறக்கும்.

லைனிங்கை உடைத்தபோது

சிலிகா ராமிங் மாஸை போரிக் அமிலம் கலந்து காய்ந்த பொடியாகவே இடித்து நிரப்பி, மெல்லச் சூடேற்றித்தான் சின்டர் செய்கிறோம், அதாவது ஒட்டி இறுக வைக்கிறோம். நல்ல லைனிங்கில் மூன்று அடுக்கு இருக்கும்: உள்பக்கம் கண்ணாடி போல இறுகியது, நடுவில் அரைகுறையாக ஒட்டியது, காயில் பக்கம் இன்னும் பொடி. அந்தக் கடைசிப் பொடி அடுக்குதான் காவல். விரிசலில் இரும்பு நுழைந்து வந்தாலும், பொடிக்கு விரிசல் கிடையாது, இரும்பு தொட்ட இடத்தில் பொடி இறுகி வழியை அடைக்கும்.

மறுநாள் மாலை ஆறிய பிறகு உடைத்தோம். கசடு நிற்கிற மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே படுக்கைவாட்டில் ஒரு விரிசல், சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. சுத்தியால் தட்டி இரண்டு பக்கமும் பிரித்தபோது நடுவில் இரும்பு இதழ் ஒன்று, வாழையிலை போல மெலிசாக, கையில் அப்படியே வந்தது. உள்முனை பளபளப்பு, வெளிமுனை கறுத்து, துருவேறிய அடுக்கோடு. அதன் நுனி காயில் பூச்சிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரம். பொடி அடுக்கு அந்தப் பகுதியில் மிச்சமே இல்லை, முழுசாக இறுகிவிட்டது.

அந்தக் கறுத்த முனைதான் விஷயம். ஒரே இரவில் நுழைந்த இரும்பு அப்படி இருக்காது, அது பல ஹீட்டுகளாக வளர்ந்தது. லாக் புத்தகத்தைத் திருப்பினேன். உலை அடியில் இரும்பைத் தொடுகிற கம்பி வைத்து எர்த் லீக்கேஜ் (தரைக்குக் கசியும் மின்னோட்டம்) பார்க்கிற கருவி உண்டு, லைனிங்குக்குள் இரும்பு முன்னேறினால் அந்த மின்னோட்டம் ஏறும். மூன்று வாரமாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டும் ஒழுங்காகக் குறித்திருக்கிறார்கள். டிரிப் எல்லையை, அதாவது உலை தானாக அணைந்துவிடும் அளவை, தொடவில்லை என்பதால் ஒவ்வொரு நாளும் சரி என்று டிக். முந்தைய நாள் எண்ணோடு சேர்த்து யாரும் படிக்கவில்லை.

ஏன் ஏறியது? சிலிகா சூட்டை அஞ்சாது, சூடு ஏறி இறங்குவதைத்தான் தாங்காது. சிலிகாவின் குவார்ட்ஸ் வடிவம் 573 டிகிரியில் சட்டென்று விரியும். பலமுறை சூடேறிக் கிரிஸ்டோபலைட் என்ற இன்னொரு வடிவமாக மாறிய பகுதி 200 முதல் 270 டிகிரிக்குள் இன்னும் கடுமையாகக் கன அளவு மாறும். அதனால் முழுக்க ஆறிய உலையை மறுபடி கிளப்பும்போது மெல்ல ஏற்ற வேண்டும், இரும்பு உருகுவதற்கு முன்னால் லைனிங் விரிந்து விரிசல்கள் மூடிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். இவர்கள் வழக்கமாகக் குளிர்ந்த உலைக்கு இரண்டு மணி நேரம் கொடுப்பவர்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாளில் இரண்டு மூன்று வெட்டு. இரண்டு வெட்டுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் எப்படியாவது ஒரு ஹீட் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மணி நேரத்துக்குள் கிளப்பியிருக்கிறார்கள், அதுவும் வாரத்தில் பல தடவை. விரிசல் மூடுவதற்கு முன்பே இரும்பு உருகி உள்ளே போய்விட்டது.

ஆகவே என் முடிவு, அந்த விரிசலுக்கு அந்த இரவின் மின்வெட்டு காரணம் இல்லை, அதற்கு முந்தைய வாரங்களின் மின்வெட்டுகள்தான். உலையை வெட்டு நேரத்துக்குள் அடக்கப் பார்த்ததில் சுவர் தேய்ந்தது. அன்று கொட்டாமல் உறைய விட்டு, மறுநாள் கரண்ட் வந்ததும் நேராக மறுபடி உருக்கியிருந்தால் (முதலாளியின் முதல் யோசனை அதுதான்) அந்த 2 சென்டிமீட்டரும் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோக் கரி எரித்து இரும்பு உருக்கும் குப்போலா உலையில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. ஊதுகாற்று நின்றாலும் உள்ளே கோக் கனன்றுகொண்டிருக்கும், கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். 2012-இல் கோயம்புத்தூர் மின்வெட்டில் பழைய குப்போலாவை வைத்திருந்தவர்கள் அதைத் துடைத்து எடுத்தது நினைவிருக்கலாம். இன்டக்‌ஷனில் சுவிட்ச் அணைந்த கணத்தில் வெப்பத்தின் ஊற்றே வற்றிவிடுகிறது.

பெரிய இடங்களிலும் இதே கணக்கு

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயில் ஹில்சைட் என்ற அலுமினிய உருக்காலை இருக்கிறது, தென் அரைக்கோளத்திலேயே பெரியது. அங்கே தொட்டிகளில் உருகிய கலவை 960 டிகிரி அளவில் இருக்கும், வெப்பம் முழுக்க மின்சாரத்தால் வருவது. சில மணி நேரம் கரண்ட் நின்றால் தொட்டிகள் உறைந்துபோகும். ஆஸ்திரேலியாவில் போர்ட்லாண்ட் உருக்காலையில் 2016 டிசம்பர் 1 அன்று அதுதான் நடந்தது. சில மணி நேர மின்தடையில் பெரும்பகுதித் தொட்டிகள் உறைந்து, மீட்டெடுக்க மாதக்கணக்கில் ஆனது. கோக் அடுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள், சிலிகா செங்கல் ஆறினால் வெடித்துவிடும் என்பதற்காகவே பல பத்து வருடங்களுக்கு அணைக்காமல் வைத்திருப்பார்கள். உற்பத்தி இல்லாவிட்டாலும் சூடு இறங்கக்கூடாது.

இன்னும் மேலே போனால் சுவர் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. ஆக்ஸி அசிட்டிலீன் சுடர் 3100 டிகிரிக்கு மேல். உலோகங்களில் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் டங்ஸ்டன் 3422 டிகிரியில் உருகும். அதைவிட வெகு மேலே போனால் எந்தப் பாத்திரமும் வேலைக்காகாது, காந்தப்புலத்தைத்தான் பாத்திரமாக வைக்க வேண்டும். தெற்கு பிரான்சில் காடராஷில் கட்டுகிற ஈட்டர் அணுக்கரு இணைவு உலையில் பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற வாயுவை) 15 கோடி டிகிரிக்குக் கொண்டுபோகத் திட்டம். அதைப் பிடித்து வைக்கிற மீகடத்திக் காந்தங்கள் மைனஸ் 269 டிகிரியில் இருக்க வேண்டும், சில மீட்டர் தூரத்தில். கொரியாவில் இருக்கிற அதே வகை கேஸ்டார் கருவி 10 கோடி டிகிரியை 48 விநாடி தாங்கியதே 2024-இல் உலகச் செய்தி. 10 கோடியை எட்டுவதை அவர்கள் முன்பே செய்துவிட்டார்கள், அந்த 48 விநாடிக்குத்தான் பாராட்டு. எங்கள் 7 சென்டிமீட்டர் சிலிகாவுக்கும் செம்புக் குழாய்த் தண்ணீருக்கும் அது எவ்வளவோ தூரம்தான், ஆனாலும் சூடான பக்கத்தைவிடக் குளிர்ந்த பக்கத்துக்கு அதிக அக்கறை வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றே.

நம் கொடுமணலில் இரும்பு உருக்கியவர்களுக்கும், ஜோகன்னஸ்பர்க் நகருக்குள்ளேயே மெல்வில் கொப்பீஸ் குன்றில் உலை கட்டியவர்களுக்கும் களிமண் சுவரும் கரியும் துருத்தியும்தான் கருவி. துருத்தி ஊதுகிறவர் நிறுத்தினால் அன்றைய இரும்பு போச்சு. அங்கேயும் ஆள் மாற்றி ஆள் நின்றிருப்பார்கள்.

மாற்றியது

லைனிங் புதிதாகப் போட்டோம், சின்டரிங்கை அவசரப்படுத்தவில்லை. வெட்டு நேரம் அருகில் இருந்தால் முழு சார்ஜ் ஏற்றுவதில்லை, அச்சுகள் அத்தனையும் மூடிய பிறகுதான் உலைக்கு பவர். நிலை மாற்ற அறிவிப்பைப் பார்க்க ஒரு ஆள். ஜெனரேட்டரை வாரத்துக்கு ஒரு தடவை லோடு கொடுத்து ஓட்டுகிறார்கள், சும்மா கிளப்பி அணைப்பதில்லை. டேங்கில் மட்டக் குழாய், குறைந்தால் அலாரம். வால்வில் கால்வாசி இடத்தில் சிவப்புப் பெயின்ட் கோடு, பக்கத்தில் "20 லிட்டர் – 80 விநாடி" என்று எழுதி வைக்கச் சொன்னேன், தமிழிலும் ஸூலுவிலும் இங்கிலீஷிலும் எழுதிவிட்டார்கள். லீக்கேஜ் அளவை இப்போது கிராஃப் தாளில் புள்ளி வைக்கிறார்கள். குளிர்ந்த உலைக்கு இரண்டு மணி நேரம் என்பதில் விட்டுக்கொடுப்பில்லை. அதனால் வாரத்துக்குச் சில ஹீட்டுகள் குறையும் என்று முதலாளிக்கு ஆரம்பத்தில் வருத்தம். புது லைனிங் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

2024 மார்ச் இறுதியிலிருந்து நாடு தழுவிய லோட் ஷெட்டிங் பெரும்பாலும் நின்றிருக்கிறது, ஆனால் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நிற்கவில்லை, அவற்றுக்கு அட்டவணையும் கிடையாது. கூரையில் சோலார் போட்டு, பேட்டரியை காயில் பம்புக்கு மட்டும் தனியாக ஒதுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதலாளி அதே பேட்டரியில் ஆபீஸ் ஏசியையும் சேர்க்கலாமா என்று கேட்கிறார். கூடாது என்பதுதான் என் பதில், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.